பால்குழி இல்லாத படம்

ராஜாங்கம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த தீமிதிப் படம் 1964ஆம் வருஷம் வைகாசியில் தன் மூன்றாவது சட்டத்தையும் எரித்தது. கீழ்ச்சட்டம் முதலில் கருகியது. பிறகு பக்கச் சட்டங்கள் இரண்டிலும் நெருப்பு ஏறி, மேல்சட்டத்தில் ஒன்றையொன்று சந்தித்து அணைந்தது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டிய ஆணி உருகி வழிந்த பிறகும் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வேலைக்காரி சாம்பலைக் கூட்டி அள்ளிப் பாத்திரம் தேய்க்க எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தின இரண்டு வருஷமும் அவள் அப்படித்தான் செய்திருந்தாள். தேக்குச் சாம்பலில் தேய்த்தால் பித்தளைக்குத் தனி மினுக்கு வருகிறது என்று குழாயடியில் சொல்லவும் செய்தாள்.

அது பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்பு பூசி எழுதிய படம். மங்கலம்பேட்டைக்குத் தெற்கே இருக்கும் கருவேலங்குப்பத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்த ஏதோ ஒரு வருஷத்தில், கூத்துக்காரர்களுக்கு முகம் எழுத வந்தவன் மிஞ்சிய சாயத்தைக் கொண்டு எழுதிக் கொடுத்தது. மேலே வேப்பிலைத் தோரணம். அதற்குக் கீழே மஞ்சள் துணி உடுத்தி, மணிக்கட்டில் காப்புக் கட்டி, வரிசையாக நிற்கும் ஜனங்கள். அவர்கள் காலடியிலிருந்து படத்தின் அடி விளிம்பு வரைக்கும் நெருப்புக் குழி. அம்மன் படத்தில் இல்லை. பார்க்கிறவர் நிற்கிற இடம்தான் அம்மனின் இடம் என்று வைத்து அவன் எழுதியிருந்தான். அதனால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜாங்கம் அந்தக் கோயிலின் தர்மகர்த்தா. விருத்தாசலத்தில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். 1961இல் கருவேலங்குப்பத்தில் தீமிதி நின்றுபோய்க் கோயிலைப் பூட்டியபோது, படம் பாழாகிவிடக் கூடாது என்று சொல்லி மாட்டு வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வைகாசியில் முதல் சட்டம் எரிந்தது. அன்றைக்கே வரிசையில் முதலில் நின்ற ஆள் படத்தில் இல்லாமல் போனான். கருவேலங்குப்பத்தில் சுப்புராயன் என்கிற சம்சாரி, ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்துக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் செத்தார். மறு வருஷம் பெரியம்மாள் என்கிற பெண்பிள்ளை. 1964இல் சாமிதுரை. படம் எரிவதற்கும் இந்தச் சாவுகளுக்கும் தொடர்பு உண்டு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ராஜாங்கத்தின் கூடத்தில் நின்று அதைச் சொல்ல ஆள் இல்லை. மண்டியில் அவரிடம் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது.

இரண்டாவது சட்டத்தையும் மூன்றாவது சட்டத்தையும் போட்டுக் கொடுத்தது தேவநாதன். ஜங்ஷனுக்குப் போகும் ரோட்டில் கண்ணாடி, பிரேம் கடை வைத்திருந்தான். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், பரீட்சையில் தேறிய சர்ட்டிபிகேட் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவான். படம் பேசும்போது சட்டம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. தேக்கு எரிந்ததில் அவனுக்கு வருத்தம். கருங்காலியும் எரிந்தபோது அவமானம். ராஜாங்கம் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டு அனுப்பியபோது அளவு நாடாவோடு போனான்.

"எரியாத பிரேமு ஒண்ணு செய்யணும்பா," என்றார் ராஜாங்கம். "இரும்போ, கல்லோ, எதுவானாலும் சரி. வூட்டுக்கு வர்றவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

தேவநாதன் நாற்காலி போட்டு ஏறினான். அதற்கு முன் இரண்டு தடவையும் படத்தைத் தச்சன் கண்ணால்தான் பார்த்திருந்தான்: எவ்வளவு நீளம், மூலை நேராக இருக்கிறதா, பலகை வளைந்திருக்கிறதா. இந்தத் தடவை கீழ் விளிம்பு ஏன் எப்போதும் முதலில் எரிகிறது என்று பார்க்கக் குனிந்தவன், நிமிரும்போது வரிசையைப் பார்த்தான். நான்கு பேர் நின்றார்கள். நான்காவதாகப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, கல்லு வைத்த தோடு போட்டு, இடது புருவத்தில் ஒரு வெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் நாற்காலியிலிருந்து இறங்கி, நாடாவைச் சுருட்டி, அளவை மறந்து வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி கண்ணம்மாள் கருவேலங்குப்பத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்தவளின் இடது புருவத்தைப் பார்த்தபடி அவன் கேட்டான்.

"தீமிதி நின்ன வருசம் நீ காப்புக் கட்டினியா?"

"கட்டினங்க," என்றாள் அவள். "எங்கம்மாவுக்கு அம்மை போட்டிருந்துச்சு. பொழைச்சா தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். பொழைச்சிக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க மிதிக்க வுட்டாங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். குழி வெட்டி, கட்டை எரித்து, தணலைப் பரப்பி விட்டார்கள். தர்மகர்த்தாதான் முதலில் இறங்க வேண்டும். ராஜாங்கம் காப்போடு குழி முனையில் வந்து நின்றார். நின்றவர், மேளம் கீழத்தெரு வழியாக வந்தது முறையில்லை என்று திடீரென்று சத்தம் போட்டார். ஒருவன் பதில் பேசினான், இன்னொருவன் கைநீட்டினான், போலீஸ் வந்தது. தணல்மேல் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். ஆவி எழுந்து கோயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்க ஆளில்லாமல் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து கோயில் பூட்டியிருக்கிறது. கேஸ் கடலூரில் நடக்கிறது.

"எனக்குத் தெரியுங்க," என்று அவள் ரசத்தை ஊற்றினாள். "சுப்புராயன் மாமா செத்தப்பவே தெரியும். அன்னைக்கி மிதிக்காம நின்ன நாங்கதான் இப்ப படத்துல நிக்கிறோம், வரிசை எனக்கு மனப்பாடம். எனக்கு முன்னால இன்னும் மூணு பேரு இருக்காங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணுவீங்க? பிரேமுதான போடுவீங்க."

அவன் அதற்குமேல் சாப்பிடவில்லை. மறுநாள் ராஜாங்கத்திடம் போய், கோயிலைத் திறந்து ஒரே ஒரு தடவை தீமிதி நடத்திவிட்டால் போதும் என்று கெஞ்சினான். கேஸ் நடக்கும்போது பூட்டில் கை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னார். சொல்லும்போது இடது மணிக்கட்டை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அப்போது பீங்கான் சூளைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஊறுகாய் ஜாடியும் பியூஸ் கட்டையும் பொம்மையும் அங்கே வெந்துகொண்டிருந்தன. சூளைக்காரர் பாவாடை, தேவநாதனின் கடையில் தன் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டவர். தேவநாதன் விஷயத்தைச் சொன்னதும் அவர் படத்தைத் தூக்கிச் சூளைக்குள் போட்டுவிடலாம் என்றார்.

"நிக்கிறவங்க அதுக்குள்ள இருக்காங்களேண்ணே," என்றான் தேவநாதன்.

"ஆமாம்பா," என்று பாவாடை பீடியைப் பற்றவைத்தார். "அத மறந்துட்டேன்."

நெருப்பில் வெந்து பிறந்த பொருளை நெருப்பு மறுபடி தின்னாது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எரியாமல் இருந்தால் மட்டும் போதாது என்று தேவநாதனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எரியாத சட்டம் போட்டால் சட்டம் தப்பிக்கும், வரிசையில் நிற்கிறவர்கள் தப்பிக்க மாட்டார்கள். அவன் கடையை மூடிவிட்டு, ராஜாங்கம் மண்டிக்குப் போயிருக்கும் பகல் நேரங்களில் அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்து படத்தைப் பார்த்தான். ராஜாங்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுப்பார். படத்தின் எதிரில் உட்கார்ந்தால் மோர் சூடாகிவிடும், சீக்கிரம் குடித்துவிட வேண்டும். மோரை வாங்கிக் கீழே வைத்த ஒரு நாள்தான் அவனுக்குப் புரிந்தது. படத்தில் பால்குழி இல்லை. தீ மிதித்து முடித்தவர்கள் கால் வைத்து ஆற்றிக்கொள்ளக் குழியின் முனையில் பாலும் தண்ணீரும் கலந்து ஒரு சின்னப் பள்ளம் எல்லா ஊரிலும் வெட்டுவார்கள். முகம் எழுத வந்தவனுக்குப் பலகை போதவில்லை. நெருப்பு விளிம்போடு நின்றுவிட்டது. தாண்டி வந்தவர்கள் நெருப்பிலிருந்து இறங்கிக் கால் ஆற்ற இடமில்லாமல் செத்திருக்கிறார்கள்.

ஆகவே அவன் தன் கொள்கையைக் கைவிட்டான். படம் விட்டதைச் சட்டம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து, பழுப்புத் தாளில் வரைந்தான். கீழ்ச்சட்டம் மற்ற மூன்றையும் போல இருக்காது. ஒரு சாண் முன்னால் துருத்திக்கொண்டு, நீளத் தொட்டியாக, தண்ணீர் தாங்கும்படி இருக்கும். உள்பக்கம் பால் வெள்ளை. பக்கச் சட்டங்களில் வேப்பங்கொத்து, புடைப்பாக. பாவாடை சிவப்புப் பூச்சு நன்றாக எடுப்பாக இருக்கும் என்றார். ஏற்கெனவே உள்ளே எரிவது போதும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக மங்கிய பச்சைதான் வேண்டும் என்று தேவநாதன் பிடிவாதம் பிடித்தான். மேல்சட்டத்தில் எதுவும் வேண்டாம், வெறும் எலும்பு வெள்ளை. வெந்தால் மண் சுருங்கும் என்பதால் அளவைக் கூட்டிப் பிடித்தார்கள். நீளமாகச் சுட்டால் கோணிக்கொள்ளும் என்பதால் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். முதல் தடவை தொட்டி நடுவில் வெடித்தது. இரண்டாம் தடவை சூளையைத் திறந்தபோது, மழை நின்ற மறுநாள் வேப்பமரம் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பச்சை வந்திருந்தது. இனி அந்தப் பச்சை தன் கைக்கு வராது என்று பாவாடை அங்கேயே சொல்லிவிட்டார்.

1965 சித்திரையில் சட்டத்தை மாட்டினார்கள். கொளஞ்சியம்மாள் தொட்டியில் பாலும் தண்ணீரும் ஊற்றினார். வைகாசியில் ஒரு நாள் முற்பகலில் கூடம் முழுக்க அனல் அடித்தது. தொட்டியில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். பால் கலங்கி, சாம்பல் மிதந்தது. வரிசையில் முதலில் நின்ற ஆள் இல்லை. அன்றைக்குக் கருவேலங்குப்பத்தில் மாணிக்கவேல் உள்ளங்கால் எரிகிறது என்று கத்திக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார். வாய்க்காலில் இறங்குவதற்கு முன்பே எரிச்சல் அடங்கிவிட்டது. பாலில் கால் வைத்ததுபோல இருந்தது என்று சொன்னார். மணிக்கட்டில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்த காப்புக் கயிறு அவிழ்ந்து விழுந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. அவர் இன்னும் நன்றாக இருக்கிறார். மறு வருஷம் தாண்டியவரும், அதற்கு மறு வருஷம் தாண்டியவரும் பிழைத்தார்கள். தேவநாதனுக்கு ஒரு பெண் பிறந்தது. ஆனாலும் வைகாசி முடிந்து ஆனி பிறந்தால்தான் அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பார்கள்.

வரிசை குறையக் குறைய, பின்னால் நின்றது தெரிய ஆரம்பித்தது. 1967 வைகாசிக்குப் பிறகு கண்ணம்மாள் ஒருத்திதான் நின்றாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு நாள் கொளஞ்சியம்மாள் விளக்குத் துடைக்கும்போது பார்த்தார். அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால், பாதி மறைந்து, இன்னொரு முகம். கனத்த மீசை, நெற்றியில் பட்டை. முதலில் இறங்க வேண்டியவர் கடைசியில் போய் நின்றிருந்தார். கொளஞ்சியம்மாள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். ராஜாங்கம் நெடுநேரம் பார்த்தார். அன்றிலிருந்து கூடத்தில் படுப்பதை விட்டார்.

அவர் போட்ட கணக்கு இதுதான்: முன்னால் நிற்கிறவள் தாண்டாத வரைக்கும் தன் முறை வராது. தொட்டி இல்லாவிட்டால் அவள் செத்துப்போவாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நெருப்பு வெளியே வர வழியே இல்லாமல் கீழ்ப்பக்கத்தைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டால் அவள் தாண்டவும் மாட்டாள், சாகவும் மாட்டாள், அப்படியே நிற்பாள் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். 1968 வைகாசி பிறந்து சில நாளில், கடப்பாரையால் தொட்டியை உடைத்துப் பெயர்த்துக் கொல்லையில் போட்டார். சிமெண்டு வாங்கி வர ஆளை அனுப்பிவிட்டு, நிற்கப் பிடிக்காமல் பஸ் ஏறி வேப்பூருக்குப் போய்விட்டார்.

சிமெண்டு வருவதற்குள் அனல் அடிக்க ஆரம்பித்தது.

தேவநாதன் வீட்டில் அப்போது கண்ணம்மாள் ஏழு மாசம். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். "ஏங்க," என்று கடைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "கால் சுடுதுங்க." அவன் கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுவிட்டு, அவளைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டு, தெருவில் வெறுங்காலோடு ஓடினான். ராஜாங்கம் வீட்டு வாசல் திறந்திருந்தது. கூடத்தில் கொளஞ்சியம்மாள் படத்துக்குக் கீழே நின்றிருந்தார். இரண்டு கையாலும் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திப் பிடித்திருந்தார். அதில் வீட்டிலிருந்த பால் முழுவதும் இருந்தது. படத்தின் விளிம்பிலிருந்து தாம்பாளத்தில் தணல் சொட்டிக்கொண்டிருந்தது. பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"வுடாத தம்பி, அந்தப் பக்கம் புடி," என்றார். "பொண்ணு பாதி தூரம் வந்துட்டா."

தேவநாதன் பிடித்தான். தாம்பாளத்தின் விளிம்பு கையில் பட்ட இடத்தில் தோல் கழன்றது. இருவரும் எதிரெதிரே நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், படத்தைப் பார்க்கவில்லை. கொளஞ்சியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கி மேளமெல்லாம் சரியாத்தான் தம்பி வந்துச்சு. இவுருக்குத் தணலப் பாத்ததும் பயம். எங்கிட்ட மட்டும் சொன்னாரு. பயமா இருக்குதுன்னு ஊருக்கு முன்னால சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்? யாராவது சிரிச்சிருப்பாங்க." தாம்பாளம் ஒரு தடவை கனத்தது, ஒரு ஆள் ஏறி நின்றதுபோல. பிறகு லேசானது. பாலில் சின்னப் பாதம் இரண்டின் தடம் சிறிது நேரம் தெரிந்து கலைந்தது.

கண்ணம்மாள் பிழைத்தாள். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது, பையன். அவன் உள்ளங்கால் மட்டும் கருத்திருந்தது, குளிப்பாட்டக் குளிப்பாட்டப் போகவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. தேவநாதனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் ரேகை இல்லாமல் போனது. கொளஞ்சியம்மாளுக்கும் அப்படித்தான். அவர் அதன் பிறகு கணவரிடம் பேசுவதை நிறுத்தவில்லை. சோறு போட்டார், வெந்நீர் வைத்தார். ஆனால் அவர் வேப்பூரில் எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஐந்து மாசம் கழித்து ராஜாங்கம் தேவநாதன் கடைக்கு வந்தார். மண்டியிலிருந்து அவ்வளவு தூரம் அவர் நடந்து வந்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. கடை வாசலில் நின்று, மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தொட்டிய மறுபடியும் செஞ்சு குடுப்பா," என்றார். "நான் மட்டும்தான் பாக்கி."

கண்ணம்மாள் உள்ளேயிருந்து பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள். ராஜாங்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். அவள் கணவனிடம் சொன்னாள்: "செஞ்சு குடுங்க. தாண்டி வர்ற யாருக்கும் கால் வைக்க எடம் வேணும்." பிறகு ராஜாங்கத்திடம், "உங்களுக்காக இல்லிங்க," என்றாள். "அந்த அம்மா மறுபடியும் கைய நீட்டக் கூடாது, அதுக்குத்தான்."

புதுத் தொட்டியின் வெளிப்பூச்சுக்குப் பழைய பச்சை வரவில்லை. பாவாடை மூன்று தடவை முயன்றும் சற்றுக் கருத்தே வந்தது. அதையே பொருத்தினார்கள். ராஜாங்கம் தினமும் தன் கையால் பால் ஊற்றினார். 1969 வைகாசி வந்தது, போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. படத்தில் அவர் தனியாகக் குழி முனையில் நின்றார். மறு வைகாசியிலும் நின்றார். அவருடைய முறை வரவில்லை என்று சிலரும், முறை வந்தும் அவர்தான் இறங்கவில்லை என்று சிலரும் சொன்னார்கள். இரண்டாவது பேச்சுத்தான் அவரை அரித்தது. மண்டியைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, வைகாசி முழுக்கப் படத்தின் எதிரில் ஈஸிசேரைப் போட்டு உட்கார்ந்தார். "எறங்குடா, எறங்கித் தொலை," என்று அவர் தன்னையே திட்டுவது வெளியே போகிறவர்களுக்குக் கேட்கும். 1973இல் ஐப்பசி மழையில், சாதாரண நெஞ்சுவலியில் செத்தார். குளிப்பாட்டியவர்கள் முதல் வேலையாக உள்ளங்காலைப் பார்த்தார்கள். சுத்தமாக, சில்லென்று இருந்தது.

அவரை எரித்துவிட்டு ஆட்கள் திரும்பிய பிறகு, விளக்கேற்றும்போது கொளஞ்சியம்மாள் படத்தைப் பார்த்தார். ராஜாங்கம் குழி முனையில் அப்படியே நின்றிருந்தார். துக்கம் கேட்க வந்த கண்ணம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பார்த்தாள்.

"செத்தும் எறங்கலியேம்மா."

"எப்பவும் இவுரு இப்பிடித்தான்," என்றார் கொளஞ்சியம்மாள். "கெளம்பறேன் கெளம்பறேன்னுவாரு. கெளம்ப மாட்டாரு. எங்க கல்யாணத்தன்னைக்கே முகூர்த்தம் தவறிப்போச்சு." சொல்லிவிட்டுத்தான் முதல்முறையாக அழுதார்.

கேஸை நடத்த ஆள் இல்லாமல் அது முடிந்தது. கொளஞ்சியம்மாள் சாவியைக் கருவேலங்குப்பத்தாரிடம் கொடுத்து, படத்தையும் சட்டத்தோடு திருப்பிக் கொடுத்தார். பீங்கான் கனம், லாரியில் வைக்கோல் பரப்பி, மேலத்தெரு ஆட்களும் கீழத்தெரு ஆட்களும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1975இல் தீமிதி மறுபடி நடந்தது. பழைய பூசாரி செத்துவிட்டதால் அவர் மகன் தேங்காய் உடைத்தான். ஜனங்கள் இறங்கினார்கள், தாண்டினார்கள், பால்குழியில் கால் வைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் படத்தில் ராஜாங்கம் ஒரு காலைத் தூக்கியதாகச் சொல்கிறார்கள். தூக்கிய காலை அவர் திரும்பப் பின்னால் வைத்ததைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

படம் இப்போது அந்தக் கோயில் அர்த்தமண்டபத்தில் இருக்கிறது. ராஜாங்கத்துக்கு அதில் மீசை முழுக்க நரைத்து, முதுகும் கொஞ்சம் கூனிவிட்டது. தணல் தணியவில்லை. பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம் என்று பூசாரி பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். மற்றபடி யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மார்கழியில் விளக்குக்கு ஊற்றும் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனால், பூசாரி டப்பாவைக் கொண்டுபோய்ப் படத்தின் அடியில் வைப்பார். கோலம் போட்டு முடிப்பதற்குள் இளகிவிடும்.